எட்டுக்கு நாற்பத்து மூன்று

செப்டம்பர் 9, செவ்வாய்

கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருக்கும்போதே கொல்லிமலையிலிருந்து ஓர் ஆள் வந்து நின்றார். பெயர் சடையப்பன். கீரைக்காட்டுப்பட்டி பெருமாள் கோயில் விழாக் கமிட்டிக்காரர். புரட்டாசி கடைசி சனிக்கிழமைக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு வேண்டுமாம். நாமக்கல்லில் மூன்று பேரிடம் கேட்டு, மூன்று பேரும் கையை விரித்த பிறகு சேந்தமங்கலத்துக்கு என்னைத் தேடி வந்திருக்கிறார். எழுபது கொண்டை ஊசி வளைவு. பின்னால் ஜெனரேட்டரைக் கட்டி இழுத்துக்கொண்டு எவன் ஏறுவான்?

நான் ஏறுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தொழில் என்று வந்தால் நாலு இடத்துக்கும் போகத்தான் வேண்டும். வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

முன்பணம் வாங்கி வைத்துவிட்டு, பேச்சுவாக்கில் கேட்டேன். "உங்க ஊர்ல இப்ப நர்ஸ் யாருங்க?"

"கலாமணியம்மாதானுங்க. ராத்திரி பகல்னு பாக்க மாட்டாங்க. காட்டுக்குள்ள நடந்தே வந்து ஊசி போடுவாங்க. ஏனுங்க, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"கேள்விப்பட்டிருக்கேன்" என்றேன்.

பதினான்கு வருஷத்துக்கு முன் தாலி கட்டியவன் கேள்விப்படாமலா இருப்பான்.

செப்டம்பர் 10, புதன்

ஜீப்பில் ஜெனரேட்டர் வண்டியைக் கொக்கி போட்டு மாட்டி, ரயில்வே மேம்பாலத்தில் ஏற்றிப் பார்த்தேன். பாலத்துக்கே இரண்டாம் கியரில் முக்கிற்று. முதல் கியருக்கு இறக்கினால் கிளட்ச் வாசம் வருகிறது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை.

காரணம் எனக்குத் தெரியும். டயர். ஜீப்புக்கென்று உள்ள சின்ன டயரைக் கழற்றிவிட்டு இரண்டு வருஷம் முன்பு லாரி டயர் மாதிரி பெரிசாக ஏழு ஐம்பது டயர் போட்டேன். அன்றிலிருந்து மெக்கானிக் மாதேசுக்கு நான் இளக்காரம். "ஏழரை எல்லாருக்கும் ஜாதகத்துல இருக்கும். இவன் காசு குடுத்து வாங்கி நாலு சக்கரத்துலயும் மாட்டிக்கிட்டான்" என்று கடைத்தெருவில் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

சல்லிசாகக் கிடைத்தது, வாங்கினேன். அவ்வளவுதான்.

செப்டம்பர் 13, சனி

மாதேசு ஷெட்டில் இரண்டு மணி நேரம். அவன் ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் ஆதிகாலத்திலிருந்து வருவான். ஆனால் இன்று சொன்னது மண்டையில் ஏறியது.

பின் அச்சின் நடுவில் இரண்டு பல்சக்கரம் இருக்கிறது. இன்ஜினிலிருந்து வரும் ராடின் நுனியில் இருப்பது சின்னது, பினியன். அது சுற்றிவிடுகிற பெரிய சக்கரம் கிரவுன். என் ஜீப்பில் பதினொன்றுக்கு நாற்பத்தேழு பல்.

"அதாவது ராடு நாலே கால் சுத்து சுத்துனா டயர் ஒரு சுத்து" என்றான். "நீ டயரப் பெருசாக்கிட்ட. ஒரு சுத்துக்கு வண்டி போற தூரம் கூடிப்போச்சு. அதே ஆளு, அதே தெம்பு, காலடி மட்டும் நீளமா வெக்கச் சொல்ற. அதுவும் முதுகுல மூட்டையோட. மூச்சு வாங்காம என்ன பண்ணும்?"

"பழைய டயரையே போட்டுட்டா?"

"போடேன். மழையில பள்ளம் விழுந்த மலை ரோட்டுல அடி தட்டி நிக்கும். அப்ப வந்து என்கிட்ட அழுவ."

ஆக, டயர் இருக்கட்டும், பல்லை மாற்ற வேண்டும். அதில் இரண்டு வழி. ஒன்பதுக்கு நாற்பத்து நான்கு போட்டால், பெரிய டயர் தின்ற இழுவை திரும்பி வந்துவிடும். கீழே சாலையிலும் பழைய மாதிரி ஓடலாம், மலையும் ஒரு மாதிரி ஏறலாம், முக்கி முனகி. எட்டுக்கு நாற்பத்து மூன்று போட்டால் சுவரில்கூட ஏறும். ஆனால் சமவெளியில் ஐம்பதைத் தாண்டினால் இன்ஜின் கதறும். டீசலும் குடிக்கும்.

"உன் பொழப்பு பூராக் கீழ. ராசிபுரத்துல கல்யாணம், நாமக்கல்லுல காதுகுத்து" என்றான் மாதேசு. "வருஷத்துல எத்தன நாள் மலைக்குப் போவ?"

"ஒரு நாள்தான்."

"அப்ப ஒம்போதுக்கு நாப்பத்திநாலு. பேச்சே இல்ல. மெதுவா ஏறிக்க."

"அது அம்பது வளைவுக்கு மேல தாங்காது மாதேசு. அங்கதான் ஏத்தம் செங்குத்தா இருக்கும்."

கையைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். "உனக்கெப்படி தெரியும்? இந்த டயரோட ஏறிப் பாத்தியா?"

நான் டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

துணி துவைத்தேன். ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன், இருந்தாலும் குடித்தேன்.

செப்டம்பர் 18, வியாழன்

சேலத்தில் பழைய சாமான் கடைகளில் அலைந்தேன். ஒன்பதுக்கு நாற்பத்து நான்கு இரண்டு கடையில் இருந்தது. துரு இல்லாத நல்ல ஜோடி. வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். நாலாவது கடையில் ஓர் ஆள் மேலே பரணிலிருந்து கிரீஸ் காகிதம் சுற்றிய ஒரு ஜோடியை இறக்கினார். பிரித்துப் பினியனை எண்ணினேன். எட்டு.

"இது மலைக்காரங்க வாங்கறதுங்க. நீங்க எந்த மலை?" என்று கேட்டார்.

"கொல்லிமலை" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே ஒரு மாதிரி இருந்தது. சேந்தமங்கலம் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

எட்டுக்கு நாற்பத்து மூன்றை வாங்கிவிட்டேன். முன் அச்சுக்கும் இதே கணக்கில் ஒரு ஜோடி வேண்டும். அது வேறு அளவு, தீபாவளிக்கு அப்புறம்தான் வரும் என்றார். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா அது என்ன, பலகாரமா என்று கேட்டார்.

செப்டம்பர் 22, திங்கள்

மாதேசு திட்டி முடிக்க அரை மணி ஆனது. அப்புறம்தான் ஸ்பானரைக் கையில் எடுத்தான்.

இந்த வேலையில் அவசரமே ஆகாது. பல்லின் மேல் பெயிண்டைப் பூசி, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பல்லும் பல்லும் கடிக்கிற இடத்தில் தடம் விழும். தடம் பல்லின் நடுவில் விழுந்தால் சரி. நுனியில் விழுந்தாலோ அடியில் விழுந்தாலோ கழற்றி, காகித கனத்தில் ஒரு தகடு வைத்து, மறுபடி மாட்டிப் பார்க்க வேண்டும். நெருக்கிப் பிடித்தால் சூடேறித் தேயும். தளர விட்டால் ஊளையிடும். மாதேசு கழற்றிக் கழற்றி மாட்டியதில் சாயங்காலம் ஆகிவிட்டது.

முடித்ததும் சொன்னான். "நல்லாக் கேட்டுக்க. பின்னால எட்டுக்கு நாப்பத்திமூணு. முன்னால பழைய பல்லுதான் கெடக்குது. முன் சக்கரம் ஒரு கணக்குல சுத்தும், பின் சக்கரம் ஒரு கணக்குல சுத்தும். முன் சக்கரத்துக்கும் இழுவை குடுக்கற குச்சி இருக்குதே, அந்த முன் கியரப் போட்டேன்னா ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டு எதாச்சும் முறியும். சேத்துல போட்டா டயர் வழுக்கிக்கும், தப்பிச்சுக்கலாம். தார்ல போட்ட, முடிஞ்ச. அந்தக் குச்சியத் தொடவே தொடாத."

"தொட மாட்டேன்."

"ஒரு நாளைக்காகவா இத்தன கூத்து?" என்றான், ஜாக்கியை இறக்கிக்கொண்டே. நான் வண்டிக்கு அடியில் ஏதோ பார்ப்பது போல் குனிந்துகொண்டேன்.

செப்டம்பர் 25, வியாழன்

புதுப் பல் பழகும் வரை சுமை இழுக்கக் கூடாதாம். வெறும் வண்டியை ஓட்டிப் பழக்குகிறேன். ராசிபுரம் போய் வந்தேன். ஐம்பதில் இன்ஜின் காது கிழியக் கத்துகிறது. ஒரு மொபெட், பின்னால் இரண்டு கோழிக்கூடை கட்டிக்கொண்டு, என்னைத் தாண்டிப் போயிற்று. ஓட்டிய பெரியவர் திரும்பிப் பார்த்து என்ன ரிப்பேரா என்று சைகையில் கேட்டார்.

கல்யாண மண்டபத்து மேனேஜர் போன் பண்ணினார். ஐப்பசி முகூர்த்தங்களுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டுமா என்றார். யாரோ சொல்லிவிட்டார்கள், அர்த்தனாரி வண்டி இப்போது மாட்டுவண்டி வேகம்தான் என்று. பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னதுதான். வைத்த பிறகு கோபமே வரவில்லை, அதுதான் ஆச்சரியம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மதியத்திலிருந்து மழை. வேலை இல்லை. வேலை இல்லாத நாள்தான் என்னைக் கொல்கிறது.

மூன்று வருஷம் முன்பு அவளுக்கு மலைக்கு மாற்றல் வந்தது. போகாதே என்றேன். நீங்களும் வாங்க என்றாள். தொழில் கீழே இருக்கிறது என்றேன். அவள் தொழில் மேலே இருக்கிறது என்றாள். நான் ஒரு வார்த்தை சொன்னேன், எழுத வேண்டாம். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

ஆனாலும் முதல் வருஷம் முழுக்க, மாசாமாசம் வட்டார மீட்டிங்குக்கு இறங்குவாள். இறங்கினால் இரவு வீட்டில்தான். மிளகும் அன்னாசியும் கொண்டு வருவாள். சண்டையைப் பற்றிப் பேச மாட்டோம். அன்னாசியைப் பற்றிப் பேசுவோம். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

இரண்டு வருஷம் முன்பு ஐப்பசியில் அதுவும் நின்றது. மீட்டிங்குக்கு வருகிறாள், அதே பஸ்ஸில் திரும்பிப் போய்விடுகிறாள். போன் பண்ணினால் எடுக்கிறாள். நல்லா இருக்கேன், சாப்பிட்டீங்களா, வெக்கறேன். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் வேறொன்றையும் சொல்ல வேண்டி வரும்.

அவள் தலையணையை வெயிலில் காயவைக்க நினைத்தேன். மழை விடவில்லை. அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை. எழுதிவிட்டேன், அடிக்க மாட்டேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஜெனரேட்டருக்கும் ஜீப்புக்கும் சந்தனம் குங்குமம். வாழைக்கன்று கட்டினேன். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கினேன். மாதேசு ஷெட்டில் பொரி வாங்கித் தின்றேன். மாதேசின் மனைவி, "தனியா எதுக்குண்ணா சமைக்கிறீங்க, சாப்பிட்டுப் போங்க" என்றது. சாப்பிட்டேன். வடை நன்றாக இருந்தது. ஒரு வீட்டில் இரண்டு பேர் சமையலறைக்கும் கூடத்துக்குமாகக் கத்திப் பேசிக்கொள்வதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று மாத மீட்டிங். ஆஸ்பத்திரி எதிரே உள்ள டீக்கடையில் எனக்கும் கொஞ்சம் வேலை இருந்தது.

மூன்றரை மணிக்கு வெளியே வந்தாள். யூனிபார்ம் சேலை, தோளில் பை, கையில் தடுப்பூசிப் பெட்டி. இளைத்திருக்கிறாள். மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்று சொல்பவனை இழுத்து வந்து காட்ட வேண்டும். இன்னொரு நர்ஸ் ஏதோ சொல்ல, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். மலை பஸ் வந்தது, ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் போன பிறகு டீக்கடைக்காரர் கேட்டார், டீ ஆறிப்போச்சே, வேறு போடட்டுமா என்று.

வெள்ளிக்கிழமை மலை ஏறுகிறேன் என்று இங்கேயே சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 9, வியாழன்

அச்சில் ஆயில் மாற்றினேன். இழுவைக் கொக்கிக்குப் புது பின் போட்டேன். சுமையோடு மேம்பாலம் ஏறிப் பார்த்தேன், மூன்றாம் கியரில் ஏறியது. முடி வெட்டிக்கொண்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அக்டோபர் 11, சனி

நேற்று எழுத நேரமில்லை. இப்போது பொழுது விடிந்து, கோயிலில் சுப்ரபாதம் போட்டுவிட்டார்கள். என் ஜெனரேட்டரில்தான் ஓடுகிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெள்ளி காலை ஆறு மணிக்கு அடிவாரத்தை விட்டுக் கிளம்பினேன். தூறல். ஜெனரேட்டர் பின்னால் ஆடாமல் வந்தது. பத்தாவது வளைவு, இருபதாவது வளைவு, எனக்கே நம்ப முடியவில்லை. முக்கல் இல்லை, வாசம் இல்லை. முதல் கியரும் இரண்டாம் கியரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து எழுந்திருப்பது போல ஏறியது. ஐம்பத்தெட்டாவது வளைவில் பக்கத்துப் பாறையைப் பார்க்காமல் தாண்டினேன். அதைத் தாண்டியதும் தனியாக இருந்தும் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

அறுபத்து மூன்றில் மேலேயிருந்து மண் சரிந்து வந்து சாலை முழுக்கச் சேறு. பின் சக்கரம் வழுக்கிற்று. ஜெனரேட்டர் பின்னுக்கு இழுக்கிறது, கீழே பள்ளம். தொடாதே என்று மாதேசு சொன்ன குச்சியைப் பிடித்து இழுத்தேன். சேற்றில் போட்டால் தப்பிக்கலாம் என்றும் சொன்னான் அல்லவா. நாலு சக்கரமும் மண்ணை வாரி அடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. வந்த சந்தோஷத்தில் குச்சியைத் திரும்பத் தள்ள மறந்துவிட்டேன். என் புத்தி அவ்வளவுதான். அடுத்த வளைவில் நல்ல தார். ஸ்டீரிங் கல்லாகிவிட்டது. என்ன என்று யோசிப்பதற்குள் அடியில் வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். முன் ராடின் இணைப்பு முறிந்து, ராடு தரையில் தொங்குகிறது.

பிரேக்கை மிதித்து, கை பிரேக்கை இழுத்து, குதித்து, ஓரத்தில் கிடந்த கற்களைச் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்தேன். அப்புறம் அடியில் படுத்துத் தொங்கிய ராடைக் கழற்றித் தூக்கிப் போட்டேன். பின் அச்சு நன்றாக இருக்கிறது. வண்டி ஏறும். ஆனால் இந்தச் சரிவில் தனி ஆளாகக் கிளப்ப முடியாது. ஓட்டுவதற்கு ஒருவர் வேண்டும். வண்டி நகர்ந்ததும் அண்டைக்கல்லை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து, நிற்கிற இடத்தில் எல்லாம் சக்கரத்துக்குக் கீழே போட இன்னொருவர் வேண்டும். இல்லாவிட்டால் ஜெனரேட்டர் என்னையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிடும்.

கீழேயிருந்து பஸ் வந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்னண்ணா, மேல யாருக்காச்சும் சொல்லணுமா?" என்றார்.

திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கொக்கியைக் கழற்றி ஜெனரேட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு, வெறும் ஜீப்போடு இறங்கிவிடலாம். அந்த வழி எனக்குத் தெரியும்.

"கீரைக்காட்டுப்பட்டி நர்ஸம்மாகிட்ட சொல்லுங்க" என்றேன். "அர்த்தனாரி வண்டி நின்னுபோச்சுன்னு."

"வண்டி ரிப்பேருக்கு நர்ஸா?" என்று சிரித்தார். பஸ்ஸே சிரித்தது. சிரித்துக்கொண்டே போனார்கள்.

ஒரு மணி நேரம் இருக்கும். குறுக்குப் பாதையில் குடை முதலில் தெரிந்தது. அப்புறம் அவள். மூச்சிரைக்க வந்து, என் கையையும் தலையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க அடி?"

"அடி இல்ல."

"நர்ஸக் கூட்டிட்டு வரச் சொன்னா அடின்னுதான நெனப்பாங்க? உசுரு எங்கிட்ட இல்ல. பின்ன எதுக்குங்க சொல்லி அனுப்புனீங்க?"

"கல்லு எடுத்துப் போட ஆள் வேணும்."

அவள் சக்கரத்துக்கு அடியில் இருந்த கல்லைப் பார்த்தாள். குடையை மடக்கினாள்.

"போன தடவ அம்பத்தெட்டுல நின்னீங்க" என்றாள்.

அவளுக்குத் தெரியாது என்றுதான் இரண்டு வருஷமாக நினைத்திருந்தேன்.

"தடுப்பூசி வெக்கற குளிர்பெட்டிக்குக் கரண்டு இல்லைன்னு நான்தான் போன்ல பொலம்புனேன். நீங்க ஊங்கூடக் கொட்டல. ரெண்டாம் நாளு பஸ்காரரு வந்து சொல்றாரு, உங்க வீட்டுக்காரரு ஜெனரேட்டரோட அம்பத்தெட்டுல நிக்கறாரு, கிளட்ச் பொகையுதுன்னு. போட்டது போட்டபடி தூக்குல சோத்த எடுத்துக்கிட்டு ஓடியாந்தேன். நான் வந்து சேர்றப்ப நீங்க இல்ல. ரோட்டுல ரெண்டு கல்லுதான் கெடந்துச்சு. அதத் தூக்கி ஓரமாப் போட்டுட்டு, அங்கயே உக்காந்துட்டு, அப்பறம் ஏறுனேன்."

"கலா..."

"சொல்லுவீங்கன்னு பாத்தேன். வந்தேன், முடியலன்னு ஒரு வார்த்த. இன்னிக்குச் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்கன்னு. போன் பண்றீங்க, மழை பெய்யுதான்னு கேக்கறீங்க. எனக்காகத்தான் வந்தீங்கன்னு நான் எத வெச்சு நெனச்சுக்கறது?"

"வெக்கமா இருந்துச்சு. பெரிய டயரப் போட்டுக்கிட்டு பந்தாவா வந்து, ஊரு பாக்க நின்னு, நாலு பேரு தள்ளித் திருப்பி விட்டாங்க. உம்முன்னால எப்படி..."

"எம்முன்னால என்னங்க வெக்கம்? ஒரு குரல் குடுத்திருந்தா ரெண்டு பேரும் ரோட்டோரமா உக்காந்து அந்தச் சோத்தத் தின்னுருப்போம்."

மழைத் தண்ணீர் சாலையோரக் கால்வாயில் ஓடிக்கொண்டிருந்தது. அழுகிறாளா, முகத்தில் தூறலா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தூறல் இல்லை.

"இன்னிக்கு மட்டும் எப்படிக் கூப்படத் தோணுச்சு?" என்றாள்.

"நீ வேணும். அதுக்குத்தான். ஜெனரேட்டரு, திருவிழா எல்லாம் சும்மா."

அவள் சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள். பையை ஜீப்பின் சீட்டில் வைத்தாள். பின்னால் போய்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினாள். "எடுங்க வண்டிய."

எடுத்தேன். முதல் கியர். வண்டி ஒரு சாண் நகர்ந்ததும் கல்லை உருவிக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தேன். குழந்தையைத் தூக்குவது போலக் கல்லை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, வண்டிக்குப் பின்னாலேயே ஏறி வருகிறாள். வளைவில் நிறுத்தி மூச்சு விட்டால், கல்லை வைத்துவிட்டு "ம்" என்கிறாள். மறுபடி எடுத்தால் மறுபடி நடக்கிறாள். எட்டுக்கு நாற்பத்து மூன்று முதல் கியரில் ஒரு பொம்பளை நடக்கிற வேகம்தான் போகிறது. ஒன்பதுக்கு நாற்பத்து நான்கு போட்டிருந்தால் ஓட வேண்டியிருக்கும், பாவம்.

எழுபதாவது வளைவு தாண்டிச் சமமான சாலை வந்ததும் நிறுத்தி, "ஏறி உக்காரு" என்றேன்.

"இன்னொரு ஏத்தம் இருக்கு. நீங்க பாட்டுக்குப் போங்க. நான் வர்றேன்" என்றாள்.

அவள் வரும் வேகத்துக்கே ஓட்டினேன். ஊர் எல்லையில் சடையப்பனும் கமிட்டிக்காரர்களும் மாலையோடு நின்றார்கள். ஜெனரேட்டருக்குப் பின்னால் கல்லும் கையுமாக நர்ஸம்மா வருவதைப் பார்த்து மாலையை யாருக்குப் போடுவது என்று விழித்தார்கள்.

அக்டோபர் 12, ஞாயிறு

திருவிழா முடிந்தது. ஜெனரேட்டர் ஒரு முறைகூட முனகவில்லை. ஒரு ஒயரைத் தனியாக இழுத்துத் துணை சுகாதார நிலையத்துத் தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கும் கொடுத்தேன்.

பேசினோம் என்று சொல்ல முடியாது. நேற்று சோறு போட்டாள். நான் ஜீப்பில்தான் படுத்தேன். காலையில் போர்வை ஒன்று மேலே கிடந்தது, எப்போது போட்டாள் என்று தெரியாது. மூன்று வருஷத்தை இரண்டு நாளில் கூட்டிப் பெருக்கி வாரிக் கொட்ட முடியாது, எனக்குத் தெரிகிறது.

மாதேசுக்குப் போன் பண்ணி ராடு முறிந்ததைச் சொன்னேன். பதினைந்து நிமிஷம் திட்டினான். அப்புறம், ஆள் மூலம் சாமான் அனுப்பட்டுமா, எப்போது இறங்குகிறாய் என்று கேட்டான். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

மதியம் அவள் பக்கத்து ஊருக்கு ஊசி போடக் கிளம்பினாள். வாசலில் பையை மாட்டிக்கொண்டு நின்றவள் திரும்பி ஜீப்புக்கு வந்தாள். நான் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை உள்ளே விட்டு, வண்டிச் சாவியை உருவி, ஊசி மருந்துக்குப் பக்கத்தில் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"என்ன கலா?"

"சொல்லாம எறங்கிட்டீங்கன்னா?" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் ஒற்றையடிப் பாதையில் நடந்து போனாள்.

சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பி வந்தாள். பையை ஆணியில் மாட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். ஆணி என் கைக்கு எட்டுகிற உயரம்தான். இன்னும் அங்கேதான் தொங்குகிறது. நான் கேட்கவில்லை.